புதிய அல்சைமர் மருந்துகளும் எங்கள் வீட்டு நிலையும்: விவரம் அறிந்தவர்கள் விளக்கவும்

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தாயாருக்கு வயது 71. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசுவார். சொன்னதையே திரும்பச் சொல்வது, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவது, பழகிய கடைத்தெருவில் திசை தெரியாமல் நிற்பது எல்லாம் கூடிக்கொண்டே வந்ததால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் பி12 சத்தும் தைராய்டும் சரியாகவே இருந்தன. எம்ஆர்ஐ ஸ்கேனையும் நினைவாற்றல் சோதனையையும் பார்த்துவிட்டு, தொடக்க நிலை அல்சைமர் நோயாக இருக்கலாம் என்று கூறி டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையையும் நெடுநாளாக எடுத்துக்கொண்டு வருகிறார்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், நோயின் வேரையே தாக்கும் லெகனெமாப், டொனனெமாப் என்ற மருந்துகள் வந்துவிட்டன, எவ்வளவு செலவானாலும் ஏற்பாடு செய்துவிடலாம் என்கிறார். என்னுடன் பணிபுரியும் ஒருவரோ, அமிலாய்ட் ஆராய்ச்சியே மோசடி என்று நிரூபணமாகிவிட்டது, பணத்தை வீணாக்காதீர்கள் என்று சொல்கிறார். இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. நினைவாற்றல் சோதனையில் அம்மாவிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். தாளில் ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். தேதிக்கு அம்மா, "புரட்டாசி பிறந்து நாலு நாள் ஆகிறது" என்றார். அது சரியான விடைதான், ஆனால் அதற்கு மதிப்பெண் தரவில்லை. பென்சில் பிடித்தே பல ஆண்டுகள் ஆன ஒருவரை இப்படிச் சோதித்துப் பெற்ற மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: கோவை நரம்பியலாளர்

வணக்கம் அம்மா. முதலில் மருந்தைப் பற்றிக் கூறிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் குடும்பத்தில் பணம் தொடர்பான முடிவு அதைப் பொறுத்தே இருக்கிறது.

லெகனெமாப், மூளையில் படியும் அமிலாய்ட் பீட்டா என்ற புரதத்தைப் பற்றி அகற்றும் எதிர்ப்பொருள். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்த வேண்டும். 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வின் முடிவுகள் 2022 இறுதியில் வெளியாயின. நோயின் கடுமையை 0 முதல் 18 வரை அளக்கும் ஓர் அளவுகோலில் (புள்ளி கூடினால் நிலை மோசமாகிறது என்று பொருள்), மருந்து பெற்றவர்கள் சராசரியாக 1.21 புள்ளி சரிந்தார்கள். மருந்தில்லாத திரவம் பெற்றவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள். செய்திகளில் வரும் "27 சதவீதம் மெதுவானது" என்ற தலைப்பு இந்த 0.45 புள்ளி வேறுபாட்டிலிருந்து பிறந்ததுதான். இரு தரப்பினரும் சரிந்தார்கள், ஒரு தரப்பினர் சற்று மெதுவாகச் சரிந்தார்கள் என்பதே அதன் பொருள். இழந்த நினைவு யாருக்கும் திரும்பவில்லை. ஒரு குடும்பத்தின் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் என்று சொல்ல குறைந்தது ஒரு புள்ளியாவது வேண்டும் என்று கருதும் மருத்துவர்கள் பலர். தொடக்க நிலையில் சில மாதங்கள் தள்ளிப்போவதும் பெரிய பேறுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் முதல் தரப்புக்கு நெருக்கமானவன். ஆனால் இரண்டாம் தரப்பினரின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

உங்கள் தாயாரின் நிலையில் இந்த விவாதமே எழாது என்று நினைக்கிறேன். அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தென்பட்டது. இரத்தக் கசிவின் தடங்கள் 17.3 சதவீதம் பேருக்கு இருந்தன. பெரும்பாலோருக்கு வெளியில் அறிகுறி எதுவும் இல்லை என்றாலும், சிலருக்குப் பெருங்கசிவு ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஆகவேதான் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு இதைத் தரக்கூடாது என்று ஐரோப்பிய அனுமதி தெளிவாகக் கூறுகிறது. அமெரிக்க நிபுணர்கள் 2023இல் வெளியிட்ட பயன்பாட்டுப் பரிந்துரையும் அவர்களுக்கு வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. துடிப்புக் கோளாறு உள்ள ஒருவருக்கு உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரும் வாய்ப்பு உயர்ந்துவிடும். 0.45 புள்ளிக்காக அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மருத்துவர் எவராயினும் நான் அவரிடம் காரணம் கேட்பேன்.

டொனனெமாப் மாதம் ஒருமுறை தரப்படுவது. படிவு மறைந்ததும் நிறுத்திவிடலாம் என்பது அதன் வசதி. மூளை வீக்கம் அதில் இன்னும் அதிகம், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு. உங்கள் அண்ணனிடம் இந்த எண்களை அப்படியே காட்டுங்கள். இன்னொன்று, உங்கள் தாயாருக்கு அமிலாய்ட் படிவு இருக்கிறதா என்றே இதுவரை யாரும் பார்க்கவில்லை. பெட் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை போன்றவற்றால் அதை உறுதிப்படுத்தாமல் இம்மருந்துகளைத் தொடங்குவதே இல்லை.

பதில்: நெய்தல் நிலத்தான்

மருத்துவர் ஐயா நிதானமாகச் சொல்லியிருக்கிறார். நான் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். சகோதரியுடன் பணிபுரிபவர் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு நேச்சர் இதழில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சில்வேன் லெஸ்னே குழு வெளியிட்ட கட்டுரை, அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட கூட்டுத்துகள்தான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்று கூறியது. ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்பட்ட அந்தக் கட்டுரையின் படங்கள் திருத்தப்பட்டவை என்ற ஐயத்தை 2022இல் சயன்ஸ் இதழ் வெளிக்கொணர்ந்தது. 2024இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது.

அமிலாய்டை அகற்றும் இதே வகையைச் சேர்ந்த முந்தைய மருந்தான அடுகனுமாப் கதையையும் மறக்கக் கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சொந்த ஆலோசனைக் குழுவே சான்று போதாது என்று கூறிய பிறகும், 2021 ஜூனில் அதற்கு அனுமதி அளித்தார்கள். குழு உறுப்பினர்கள் மூவர் பதவி விலகினார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைக்கப்பட்ட அந்த மருந்தைத் தயாரித்த பயோஜென் நிறுவனமே 2024இல் கைவிட்டது. முப்பது ஆண்டுகளாக, அமிலாய்ட் படிவே நோய்க்கு மூலம் என்ற ஒரே கருதுகோளைச் சுற்றிப் பணத்தைக் கொட்டியதன் விளைவு இது. மற்ற பாதைகளில் ஆய்வு செய்தவர்கள் நிதி கிடைக்காமல் ஒதுங்கினார்கள் என்பதை அத்துறையினரே எழுதியிருக்கிறார்கள். ஆகவே "வேரைத் தாக்கும் மருந்து" என்ற சொற்களைக் கேட்டதும் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே நல்லது.

பதில்: புரத ஆய்வு மாணவி

நெய்தல் நிலத்தான் அவர்கள் கூறிய தகவல்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் கொண்டுவரும் முடிவு சரியன்று. நான் இங்கிலாந்தில் நரம்புச் சிதைவு நோய்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். லெஸ்னே கட்டுரையைப் பற்றி எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேசாத வாரமே இல்லாத ஒரு காலம் இருந்தது. அந்தக் கட்டுரை ஒரு குறிப்பிட்ட கூட்டுத்துகளைப் பற்றியது. அமிலாய்ட் கருதுகோள் அதன்மேல் எழுப்பப்பட்டதன்று. அது அக்கட்டுரைக்குப் பல ஆண்டுகள் முந்தியது.

1980களில் நாட்டிங்காம் பகுதியைச் சேர்ந்த கேரல் ஜென்னிங்ஸ் என்ற ஆசிரியை, தம் தந்தையும் அவருடைய உடன்பிறந்தார் பலரும் ஐம்பதுகளின் வயதிலேயே அல்சைமருக்கு ஆளாவதைக் கண்டு, லண்டன் ஆய்வாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் குடும்பத்தை ஆராய்ந்து பாருங்கள் என்பதே அதன் சாரம். அந்தக் குடும்பத்தினர் கொடுத்த இரத்த மாதிரிகளைக் கொண்டு, 1991இல் ஜான் ஹார்டி, அலிசன் கோட் ஆகியோரின் குழு 21ஆம் குரோமோசோமில் அமிலாய்டின் மூலப்புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஒரு பிழையைக் கண்டறிந்தது. 21ஆம் குரோமோசோம் மூன்றாகப் பெற்றுப் பிறக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நாற்பது வயதைத் தாண்டும்போதே மூளையில் அமிலாய்ட் படிவு காணப்படுவதும் இதனோடு பொருந்தியது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. அதே மரபணுவில் அமிலாய்ட் உற்பத்தியைக் குறைக்கும் ஒரு மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது என்று 2012இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூட்டினால் நோய் முந்துகிறது, குறைத்தால் பிந்துகிறது என்ற இந்த இரட்டைச் சான்றை எந்த மோசடிக் கட்டுரையும் அழித்துவிட முடியாது. ஜென்னிங்ஸ் அவர்களுக்கும் அந்நோய் வந்தது, 2024இல் காலமானார். அவர் மூளையும் ஆய்வுக்கே கொடுக்கப்பட்டது.

அமிலாய்ட் தொடக்கத்தில் இருக்கிறது என்பதும், நோய் வெளிப்பட்ட பின் அதை அகற்றினால் பயன் கிடைக்கும் என்பதும் இரு வேறு கூற்றுகள். படிவு தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே மறதி வெளியில் தெரிகிறது. அதற்குள் டௌ என்ற இன்னொரு புரதம் நரம்பணுக்களுக்குள் சிக்கலாகத் திரண்டுவிடுகிறது, அணுக்கள் மடியத் தொடங்கிவிடுகின்றன. மருந்து படிவை நன்றாகத் துடைத்தும் பயன் 0.45 புள்ளியில் நின்றதற்கு இந்தக் காலதாமதமே காரணம் என்று நான் நம்புகிறேன். எழுபதைக் கடந்தவர்களின் மூளையில் அமிலாய்டுடன் இரத்தநாளச் சேதம் போன்றவையும் கலந்தே இருப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். நிதி ஒரே பக்கம் சாய்ந்தது என்ற அவருடைய குறையை மட்டும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: பகல்நேர மையப் பணியாளர்

சகோதரியின் சோதனை பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. என் பார்வையில் மூன்று கேள்விகளிலும் முக்கியமானது அதுதான்.

உங்கள் தாயாருக்கு வைத்தது 1975இல் அமெரிக்காவில் உருவான குறுஞ்சோதனையாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு குறைந்தவர்கள் நோய் இல்லாமலேயே அதில் தாழ்ந்த மதிப்பெண் பெறுவார்கள் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் மேரி கங்குலி குழுவினர் ஆய்வு செய்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக அதையே இந்தியில் மாற்றியமைத்தார்கள். நூறிலிருந்து ஏழாகக் கழிப்பதற்குப் பதிலாக இருபதிலிருந்து மூன்றாகக் கழிக்கக் கேட்டார்கள். தாளில் எழுதியதைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதிலாக, நான் செய்வதைப் போலச் செய்யுங்கள் என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். புரட்டாசி நான்கு என்ற விடைக்கு எங்கள் மையத்தில் முழு மதிப்பெண் உண்டு. அதை ஏற்காதவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

மதிப்பெண் ஒரு சான்று மட்டுமே. பாலை அடுப்பில் மறப்பதும், பழகிய தெருவில் திகைப்பதும், ஓராண்டுக்கு முன் செய்த வேலையை இப்போது செய்ய முடியாமல் போவதும் அதைவிட வலுவான சான்றுகள். அவற்றைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர் வீட்டில் உடனிருப்பவர். அடுத்த முறை சௌராஷ்டிரம் பேசும் உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சோதனைக்கு முன் காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கேள்வி காதில் விழாதவரை மறதி உள்ளவராகக் கணக்கிட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. செவித்திறன் குறைவு இந்நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையமும் கூறுகிறது. 2024 அறிக்கையில் பார்வைக் குறைவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இரு மொழி பற்றி ஒரு துணைச் செய்தி. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளிகள் 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரு மொழி பேசியவர்களுக்கு அறிகுறிகள் ஏறத்தாழ நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. பிற நாடுகளில் நடந்த நீண்டகால ஆய்வுகள் சில இதை உறுதிப்படுத்தவில்லை. என்றாலும் அம்மாவிடம் சௌராஷ்டிரத்தில் பேசுவதைக் குறைத்துவிடாதீர்கள். நோய் முற்ற முற்ற, முதலில் கற்ற மொழியே பலருக்குக் கடைசி வரை துணை நிற்கிறது.

தொடர் கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. மருந்து பற்றி அண்ணனுக்கு விளக்கிவிட்டேன்; உறைவுத் தடுப்பு மாத்திரை பற்றிய பகுதியைப் படித்ததும் அவரே ஒதுங்கிவிட்டார். இப்போது அன்றாடச் சிக்கல் ஒன்று. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கிளம்பி வாசலுக்கு வந்துவிடுகிறார். இதுதான் அம்மா நம் வீடு என்று எத்தனை முறை சொன்னாலும் கோபமே அதிகமாகிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் வளையலை எடுத்துவிட்டதாகவும் குற்றம் சாட்டுகிறார். அருகில் உள்ள பொது மருத்துவர் குயடியாபின் என்ற மாத்திரையை இரவில் கொடுக்கச் சொன்னார். கொடுக்கலாமா?

பதில்: பகல்நேர மையப் பணியாளர்

மாத்திரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வாசலுக்கு வரும் அம்மாவிடம் இதுதான் வீடு என்று நிரூபிக்க முயலாதீர்கள். அவர் தேடுவது பெரும்பாலும் பிறந்த வீட்டை, அல்லது பத்திரமாக இருந்த ஓர் உணர்வை. "சரி அம்மா, போகலாம். உங்கள் வீட்டில் யார் யார் இருப்பார்கள்?" என்று சௌராஷ்டிரத்தில் கேட்டுக்கொண்டே ஐந்து நிமிடம் தெருவில் உடன் நடந்துவிட்டுத் திரும்புங்கள். விளக்கு வைப்பதற்கு முன்பே வீட்டின் எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். அரையிருட்டில் நிழல்கள் குழப்பத்தை வளர்க்கும். அந்த நேரத்துக்கென்று கையில் ஒரு வேலை இருக்கட்டும். பூக்கட்டுவதும் கீரை ஆய்வதும் நினைவை நம்பாமல் விரல்களே செய்துவிடும் வேலைகள். வளையல் போன்ற பொருள்களை அவரே ஒளித்து வைத்து மறந்திருப்பார். வழக்கமாக ஒளிக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும், தலையணை உறை, அரிசி டப்பா என்று. கண்டுபிடித்து, அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். வேலைக்கு வரும் அம்மாளிடம் நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது, அவர் மனம் நொந்து நின்றுவிடாமல் காக்கும்.

இவையெல்லாம் வெறும் கைப்பக்குவம் அல்ல, முறையாக ஆராயப்பட்டவை. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் குழுவினர் 81 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதங்கள் வீடு தேடி அனுப்பினார்கள். நோயைப் பற்றி எடுத்துச் சொல்வதும், தொல்லை தரும் நடத்தையைச் சமாளிக்க வழி காட்டுவதும், பராமரிப்பவரின் குறைகளைக் கேட்பதுமே அவர்கள் பணி. நோயாளியின் நடத்தையில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆனால் பராமரிப்பவரின் மனநலம் தேறியது, மனவேதனை குறைந்தது. லண்டனில் ஜில் லிவிங்ஸ்டன் குழுவினர் எட்டு அமர்வுகளில் நடத்திய பயிற்சியிலும், பராமரிப்பவர்களின் மனச்சோர்வு குறைந்த பலன் இரண்டாண்டுகளுக்குப் பிறகும் நீடித்தது. நம் நாட்டில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தனை வீடுகளுக்கும் ஊசி மருந்து போய்ச் சேரப் போவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் போய்ச் சேரலாம். விற்பதற்கு இதில் ஒன்றும் இல்லாததால் செய்திகளில் இது வருவதில்லை என்பது என் மனக்குறை. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பும், கேரளத்தில் 1992இல் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய அல்சைமர் சங்கமான ஏஆர்டிஎஸ்ஐ அமைப்பும் இப்பணியைச் செய்கின்றன. முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் அழைத்து உங்கள் பகுதியில் கிடைக்கும் உதவிகளைக் கேட்கலாம்.

இனி மாத்திரை. குயடியாபின் மனப்பிளவு போன்ற நோய்களுக்கான மருந்து. மறதி நோய் உள்ள முதியவர்களிடம் இவ்வகை மருந்துகள் இறப்பு விகிதத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. இங்கிலாந்தில் மறதி நோயாளிகள் ஏறத்தாழ 1,80,000 பேருக்கு இவை தரப்படுகின்றன, அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,800 கூடுதல் மரணங்கள் நேர்கின்றன என்று சூப் பானர்ஜி 2009இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் மதிப்பிட்டார். தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் அளவுக்கு நிலைமை முற்றினால், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, நிறுத்தும் தேதியையும் குறித்துக்கொண்டு கொடுப்பதுண்டு. மாலையில் வாசலுக்கு வருவது அந்த அளவு அல்ல.

பதில்: கோவை நரம்பியலாளர்

மேலே கூறப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். குழப்பம் திடீரென ஓரிரு நாளில் கூடினால் அதை நோயின் வளர்ச்சி என்று விட்டுவிடாமல் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் சோடியம் குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

உங்கள் முதல் பதிவில் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. டோனெபெசில் இதயத் துடிப்பை மெதுவாக்கக்கூடியது. துடிப்புக் கோளாறுக்காகத் தாயார் மெட்டோபிரொலால் போன்ற மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து துடிப்பை மிகவும் குறைத்து மயக்கத்தில் கொண்டு விடலாம். உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர் மயங்கி விழுந்து தலையில் அடிபடுவது சாதாரணச் செய்தி அல்ல. டோனெபெசில் தொடங்கிய பிறகு ஈசிஜி எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லையெனில் இந்த வாரமே எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய வகைச் சளி மாத்திரைகளும் சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் டோனெபெசிலுக்கு நேரெதிராக வேலை செய்து மறதியைக் கூட்டக்கூடியவை. அவற்றில் ஏதேனும் அந்தப் பையில் இருந்தால், மாற்று மருந்து உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.